வரி குறைந்தது, உதிரிபாக விலை குறைந்ததா? அகரம் விவசாயிகள் சாமான் வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

அகரம், தாடிக்கொம்பு சுற்றுவட்டாரத்தில் இன்று வண்டி இல்லாமல் விவசாயம் இல்லை. பூவும் காய்கறியும் விடியும் முன் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். உழவுக்கு டிராக்டர் வேண்டும். லோடு ஏற்ற பிக்கப் அல்லது ஏஸ் வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் பத்து வருடப் பழைய கார் ஒன்று வாசலில் நிற்கும். இதில் எது படுத்தாலும் நஷ்டம் சாமான் விலையோடு நிற்பதில்லை. அன்றைய ஏலம் போய்விடும், உழவு ஈரம் காய்ந்துவிடும்.

"வரியைக் குறைச்சுட்டாங்கன்னு சொன்னாங்க, கடையில அதே ரேட்தான் சொல்றாங்க" என்பது விவசாயிகள் பலரும் சொல்லும் குறை. "எந்த ஊர்ல வாங்கினா மலிவா, நம்பிக்கையா கிடைக்கும்?" என்று அடுத்த கேள்வி வருகிறது. வரி குறைந்தது உண்மை. ஆனால் அது உங்கள் கைக்கு வந்து சேர்வது எந்த ஊரில் வாங்குகிறீர்கள் என்பதை விட, எப்படி வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதை விளக்குவதே இந்தக் கட்டுரை.

என்ன மாறியது?

2025 செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய 56-வது ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்தில் வரி விகிதங்கள் மாற்றப்பட்டன. செப்டம்பர் 22 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. வண்டி வைத்திருக்கும் விவசாயிக்கு முக்கியமானவை இவை:

- டிராக்டர்: 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதம்.
- டிராக்டர் டயர், டியூப்: 18-இல் இருந்து 5.
- டிராக்டருக்கான கிளட்ச், கியர் பாக்ஸ், பிரேக், ரேடியேட்டர், சைலன்சர், ஸ்டீயரிங் வீல், ஹைட்ராலிக் பம்ப், ரிம், பம்பர், ஃபெண்டர், பானெட், டீசல் டேங்க் போன்ற பாகங்கள்: 18-இல் இருந்து 5.
- கார், ஜீப், வேன், லோடு வண்டி உதிரிபாகங்கள்: முன்பு பெரும்பாலானவற்றுக்கு 28. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே சீராக 18.
- பேட்டரி: 28-இல் இருந்து 18.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டிராக்டரில் மாட்டுகிற எல்லாச் சாமானுக்கும் 5 சதவீதம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. டிராக்டருக்கென்றே செய்த, பட்டியலில் பெயர் உள்ள பாகங்களுக்குத்தான் 5. பேட்டரி, பேரிங் போன்ற பொதுச் சாமான்களை டிராக்டரில் பொருத்தினாலும் வரி 18 சதவீதம்தான். இது தெரியாமல் கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

எவ்வளவு குறைய வேண்டும்? மனக்கணக்கு

வரிக்கு முந்தைய விலை 5,000 ரூபாய் உள்ள ஒரு பிக்கப் கிளட்ச் செட்டை எடுத்துக்கொள்வோம். முன்பு 28 சதவீத வரியோடு 6,400 ரூபாய். இப்போது 18 சதவீதத்தோடு 5,900. மிச்சம் 500 ரூபாய்.

அதே 5,000 ரூபாய் அடக்க விலையில் டிராக்டர் கிளட்ச் என்றால், முன்பு 5,900, இப்போது 5,250. மிச்சம் 650. டிராக்டர் பின் டயர் ஜோடி வரிக்கு முன் 40,000 ரூபாய் என்றால், 47,200-ஆக இருந்தது 42,000 ஆக வேண்டும். 5,200 ரூபாய் மிச்சம்.

சுலபமாக ஞாபகம் வைத்துக்கொள்ள:

- கார், லோடு வண்டிச் சாமானில் பழைய விலையில் நூற்றுக்குச் சுமார் 7 ரூபாய் 80 காசு குறைய வேண்டும்.
- 5 சதவீதத்துக்கு வந்த டிராக்டர் சாமானில் நூற்றுக்குச் சுமார் 11 ரூபாய் குறைய வேண்டும்.

வியாபாரி தான் கட்டிய வரியை உள்ளீட்டு வரி என்று கழித்துக்கொள்வார். விவசாயிக்கு அந்த வழி இல்லை. வரி எவ்வளவோ அவ்வளவும் நம் தலையில்தான் விழுந்தது. அதனால் இந்தக் குறைப்பு முழுவதும் நமக்கு வந்து சேர வேண்டியது.

ஏன் கைக்கு வரவில்லை?

நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, பழைய சரக்கு. செப்டம்பர் 22-க்கு முன் பேக் செய்த பெட்டியில் பழைய எம்.ஆர்.பி. அச்சாகி இருக்கும். எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாத விலை. அந்த விலைக்கே விற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. பெட்டியில் பழைய விலை இருந்தாலும், இன்று போடும் பில்லில் இன்றைய வரிதான் வர வேண்டும்.

இரண்டாவது, பில் இல்லாத வியாபாரம். "பில் வேணுமா, வேண்டாமா? பில் போட்டா ரேட் கூட வரும்" என்று கேட்கும் இடத்தில் வரிக் குறைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. வரியே கட்டாத சாமானில் வரி எப்படிக் குறையும்? 28 சதவீதம் இருந்தபோது பில் இல்லாமல் வாங்கியதில் ஒரு லாபக் கணக்கு இருந்தது. இப்போது டிராக்டர் பாகத்துக்கு வரி 5 சதவீதம்தான். 1,000 ரூபாய்ச் சாமானில் 50 ரூபாய் மிச்சம் பிடிக்க, வாரண்டியையும் புகார் செய்யும் உரிமையையும் விட்டுக்கொடுப்பது நல்ல வியாபாரமா என்று யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, சாமான் நம் கண்ணில் படாமலே வண்டியில் ஏறிவிடுவது. மெக்கானிக் வாங்கி வருகிறார், மாட்டுகிறார், மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார். அதில் சாமான் எவ்வளவு, கூலி எவ்வளவு, வரி எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

நான்காவது, அடக்க விலையே ஏறியிருக்கலாம். இரும்பு, செம்பு, ரப்பர் விலை ஏறினால் கம்பெனியும் ஏற்றும். அப்படி ஏறியிருந்தால் அதுவும் பில்லில் தெரிந்துவிடும்.

பில்லில் பார்க்க வேண்டியது ஒரே வரிதான். 18 சதவீதச் சாமானுக்கு மத்திய ஜி.எஸ்.டி. 9, மாநில ஜி.எஸ்.டி. 9 என்று இருக்கும். 5 சதவீதச் சாமானுக்கு 2.5, 2.5 என்று இருக்கும். டிராக்டர் கிளட்சுக்கு 9, 9 என்று போட்டிருந்தால் அங்கேயே கேளுங்கள். சிறு கடைகள் சில காம்போசிஷன் முறையில் பதிவு செய்திருக்கும். அவர்கள் பில்லில் வரியைத் தனியாகப் போட முடியாது. அந்த பில்லும் செல்லும், அது ஏமாற்று இல்லை.

ஒரே சாமான், மூன்று பெட்டி

விலையில் பெரிய வித்தியாசம் ஊருக்கு ஊர் வருவதை விட, பெட்டிக்குப் பெட்டி வருகிறது. ஒரே பாகம் சந்தையில் மூன்று விதமாகக் கிடைக்கும்.

முதல் பெட்டி, வண்டி கம்பெனியின் பெயர் போட்டது. டீலர் கவுண்டரில் கிடைப்பது. விலை அதிகம், நம்பிக்கையும் அதிகம்.

இரண்டாவது பெட்டி, அந்தப் பாகத்தை உண்மையில் தயாரித்த கம்பெனியின் சொந்தப் பெயர் போட்டது. வண்டி கம்பெனிகள் எல்லாப் பாகத்தையும் தாங்களே செய்வதில்லை. பிரேக் ஒருவரிடம், ஸ்டார்ட்டர் மோட்டார் ஒருவரிடம், பிஸ்டன் ஒருவரிடம் என்று வாங்கித்தான் வண்டியைக் கோக்கிறார்கள். அவர்களில் பலர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., ரானே, இந்தியா பிஸ்டன்ஸ், கோயம்புத்தூரில் பிரிகால், ரூட்ஸ் என்று பட்டியல் நீளும். இவர்கள் வண்டி கம்பெனிக்கும் கொடுக்கிறார்கள், தங்கள் பெட்டியில் போட்டு வெளிச் சந்தையிலும் விற்கிறார்கள். வண்டி கம்பெனியின் பெயருக்கான கூடுதல் விலை இதில் இல்லை என்பதால் பொதுவாக மலிவாக இருக்கும். விவசாயி தேடிப் போக வேண்டிய பெட்டி பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது பெட்டி, பெயர் தெரியாதது அல்லது பெரிய பெயரைக் காப்பியடித்தது. இதிலும் இரண்டு வகை உண்டு. சொந்தப் பெயரில், சொந்த முகவரியோடு சிறு கம்பெனி செய்யும் சாமான் சட்டப்படியானது. தரம் ஏறி இறங்கும், அவ்வளவுதான். ஆனால் பெரிய கம்பெனியின் பெயரையும் டப்பாவையும் அச்சு அசலாகக் காப்பியடித்து விற்பது போலி, குற்றம்.

இதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல பூட்டுக்கும் மலிவுப் பூட்டுக்கும் உள்ள வித்தியாசம் கடையில் தெரியாது, திருடன் கை வைக்கும் அன்றுதான் தெரியும். பிரேக் லைனிங்கும் அப்படித்தான். சமதரையில் எல்லா லைனிங்கும் பிடிக்கும். வாழைத்தார் லோடோடு சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதுதான் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று தெரியும். அங்கே தெரிந்து பயனில்லை.

இரண்டாவது பெட்டி வெளியே வந்த கதை

"வெளியில வாங்கி மாட்டினா வாரண்டி போயிடும்" என்று டீலரிடம் கேட்டிருப்பீர்கள். இதன் பின்னால் ஒரு பெரிய வழக்கு இருக்கிறது.

கார் கம்பெனிகள் உதிரிபாகங்களை வெளிச் சந்தைக்கு விடாமல் தங்கள் டீலர்களிடம் மட்டும் வைத்துக்கொண்டு, விலையைத் தாங்களே வைக்கிறார்கள் என்று 2011-இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் போனது. 2014 ஆகஸ்ட் 25-இல் ஆணையம் தீர்ப்பளித்தது. மாருதி, டாடா, மகிந்திரா உட்பட 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை.

அபராதத்தை விட அந்தத் தீர்ப்பின் உத்தரவுகள் முக்கியமானவை. உதிரிபாகம் தயாரிப்பவர்கள் வெளிச் சந்தையில் விற்பதைத் தடுக்கக் கூடாது. வெளி மெக்கானிக்கிடம் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை முழுவதும் ரத்து செய்யக் கூடாது. வெளியே செய்த தவறான வேலையால் வந்த பழுதுக்கு மட்டும் மறுக்கலாம்.

இது கார்களைப் பற்றிய வழக்கு. டிராக்டர் விற்பனை அதில் விசாரிக்கப்படவில்லை. ஆகவே வாரண்டி காலத்தில் உள்ள டிராக்டருக்கு, கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வெளியில் வாங்குங்கள். வாரண்டி முடிந்த வண்டிக்கு இந்தக் கவலை இல்லை.

எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

எல்லாச் சாமானையும் கம்பெனிப் பெட்டியில் வாங்க நம்மால் முடியாது. எல்லாவற்றையும் மலிவாக வாங்கவும் கூடாது. பிரித்துப் பார்க்க வேண்டும்.

உயிர் காக்கும் பாகங்கள்: பிரேக் லைனிங், பிரேக் பேட், மாஸ்டர் சிலிண்டர், பிரேக் ஆயில், டை ராடு, பால் ஜாயிண்ட், வீல் பேரிங், டயர். இவற்றில் முதல் அல்லது இரண்டாவது பெட்டி மட்டும். பழைய சாமான் கூடவே கூடாது. கார், லோடு வண்டி டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 3224 என்று இருந்தால் 2024-ஆம் ஆண்டின் 32-வது வாரத்தில் செய்தது. "புது டயர்" என்று நான்கு வருடம் குடோனில் கிடந்ததை வாங்க வேண்டாம்.

இஞ்சின் காக்கும் பாகங்கள்: ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப். விலை குறைந்த சாமான்கள் இவை. ஆனால் இவற்றில் நூறு, இருநூறு மிச்சம் பிடித்தால் பல ஆயிரம் செலவு வரும். குறிப்பாக 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அந்த டிராக்டர்களில் எலக்ட்ரானிக் இஞ்செக்டர் உள்ளவற்றுக்கு டீசலில் துளி தண்ணீரும் தூசியும் ஆகாது. மட்டமான டீசல் ஃபில்டர் போட்டால் இஞ்செக்டர் போகும்.

வேலை நிறுத்தும் பாகங்கள்: கிளட்ச், ஸ்டார்ட்டர், டைனமோ, பேட்டரி, ரேடியேட்டர். இவை போனால் உயிருக்கு ஆபத்தில்லை, வண்டி நின்றுவிடும். இரண்டாவது பெட்டி போதும். ஸ்டார்ட்டரையும் டைனமோவையும் நல்ல எலக்ட்ரீஷியனிடம் காயில் கட்டி, பிரஷ் மாற்றியும் ஓட்டலாம்.

மற்றவை: கண்ணாடி மிரர், கதவுக் கைப்பிடி, வைப்பர், பம்பர், மட்கார்டு, சீட், மேட். இங்கே தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். மூன்றாவது பெட்டியோ பழைய சாமானோ போதும்.

எங்கே வாங்குவது?

திண்டுக்கல்: அவசரத்துக்கு நம் ஊர் டவுன்தான். டிராக்டர், கார் டீலர்களின் ஸ்பேர்ஸ் கவுண்டர்களும் தனிக் கடைகளும் இருக்கின்றன. அடிக்கடி மாற்றும் ஃபில்டர், லைனிங், பெல்ட் போன்றவற்றுக்கு வெளியூர் போக வேண்டாம். பஸ் செலவும் அரை நாள் வேலையும் போனால் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஒரே கடையில் தொடர்ந்து பில்லோடு வாங்கினால், பொருந்தாததை மாற்றித் தருவதும் விலையில் கொஞ்சம் குறைப்பதும் தானாக நடக்கும்.

மதுரை: டி.வி.எஸ். நிறுவனம் 1911-இல் பஸ் போக்குவரத்தோடு தொடங்கிய ஊர். வாகன உதிரிபாக வியாபாரம் இங்கே பழையது. திண்டுக்கல்லில் இல்லாத பாகத்துக்கு, அல்லது இஞ்சின் வேலை போல மொத்தமாகப் பல சாமான் வாங்கும்போது போகலாம். நம் டிராக்டருக்கும் இந்தப் பக்கத்தோடு தொடர்பு உண்டு. மாஸி பெர்குசன் டிராக்டர் செய்யும் டாஃபே நிறுவனத்துக்குக் கல்லடிப்பட்டியில் தொழிற்சாலை இருக்கிறது.

மாஸி பெர்குசன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். அந்தப் பெயரை யார் பயன்படுத்துவது என்று டாஃபேவுக்கும் அமெரிக்காவின் ஏஜிசிஓ நிறுவனத்துக்கும் 2024-இல் வழக்கு வந்தது. 2025-இன் நடுவில் சமரசம் ஆனது. இந்தியாவில் அந்தப் பெயர் டாஃபேவுக்கே என்று முடிவாகிவிட்டது. "இனி சாமான் கிடைக்காது" என்று யாராவது சொல்லி, அவசரமாக வண்டியை விற்க வைத்தால் நம்ப வேண்டாம்.

கரூர், நாமக்கல்: கரூர் பஸ் பாடி கட்டும் ஊர். நாமக்கல்லும் சங்ககிரியும் லாரி ஊர்கள். லாரி, டிப்பர், ஈச்சர் போன்ற வண்டிச் சாமான், பட்டை (லீஃப் ஸ்பிரிங்), ஆக்சில், டிரெய்லர் பாகங்களுக்கு இந்தப் பக்கம் பார்க்கலாம்.

கோயம்புத்தூர்: பாகங்களைத் தயாரிக்கும் ஊர். லேத் வேலை, பம்ப் வேலை, வார்ப்பு வேலை தெரிந்த கைகள் அதிகம். கிடைக்காத பாகத்தைக் கடைந்து வாங்க இதைவிட நல்ல இடம் அருகில் இல்லை.

சென்னை: புதுச் சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை. பெயர் பெற்ற இடங்கள்தான். ஆனால் ஒரு சாமானுக்காக அகரத்திலிருந்து சென்னைக்குப் போவது கட்டாது. பாக எண்ணை போனில் சொல்லி, விலை கேட்டு, பார்சலில் வரவழைக்க முடிந்தால் மட்டும் பாருங்கள்.

ஆன்லைன்: பூட்மோ போன்ற உதிரிபாகத் தளங்களில் பாக எண்ணைப் போட்டால் கம்பெனிப் பெட்டி, தயாரிப்பாளர் பெட்டி இரண்டின் விலையும் வரும். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, கடைக்குப் போகும்முன் விலை தெரிந்துகொள்ளலாம். வாங்கினால், விற்பவர் யார், திருப்பி எடுப்பார்களா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பார்சலைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

கையில் இருக்க வேண்டியது பாக எண்

எந்த ஊருக்குப் போனாலும், "2016 மாடல் பிக்கப் கிளட்ச் குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் தருவதுதான் சாமான். ஒரே மாடலில் நடு வருடத்தில் பாகத்தை மாற்றியிருப்பார்கள். பொருந்தாது, மறுபடி அலைய வேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணை டீலர் கவுண்டரில் சொன்னால், அந்த வண்டிக்கு உரிய பாக எண்ணைக் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வார்கள். கழற்றிய பழைய பாகத்திலேயே எண் பொறித்திருப்பதும் உண்டு. அதை எழுதி வையுங்கள், அல்லது போட்டோ எடுத்து வையுங்கள். அந்த எண்ணைச் சொல்லி மூன்று கடையில் விலை கேட்டால், மூன்று பேரும் ஒரே சாமானுக்கு விலை சொல்வார்கள். அப்போதுதான் எது மலிவு என்று சொல்ல முடியும்.

டவேரா வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. இந்த வண்டிகளுக்குப் பாகத்தைத் தயாரித்த கம்பெனிகளின் இரண்டாவது பெட்டிதான் இனி கைகொடுக்கும். இப்படி நின்றுபோன வண்டியை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும்முன், அதன் ஐந்து முக்கியப் பாகங்களுக்கு விலை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

- பெட்டியில் தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, எம்.ஆர்.பி., வாடிக்கையாளர் புகார் எண் இருக்க வேண்டும். இது சட்டப்படி கட்டாயம். ஒன்று குறைந்தாலும் சந்தேகப்படுங்கள்.
- பல கம்பெனிகள் ஹாலோகிராம், க்யூ.ஆர். கோடு ஒட்டுகின்றன. கடையிலேயே போனில் ஸ்கேன் செய்து பாருங்கள்.
- எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, பெயரில் ஒரு எழுத்து மட்டும் மாறியிருப்பது எல்லாம் போலியின் அடையாளம்.
- பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் எடை, தடிமன், ஓரம் ஒப்பிடுங்கள். போலி பெரும்பாலும் எடை குறைவாக, ஓரம் பிசிறாக இருக்கும்.
- "கம்பெனிச் சாமான்தான், பாதி விலை" என்றால் அது கம்பெனிச் சாமான் இல்லை. கடைக்காரர் தன் லாபத்தில் கொஞ்சம் குறைப்பார், பாதியைக் குறைக்க மாட்டார்.

காயலான் கடையில் வாங்கலாமா?

கதவு, சீட், மிரர், பம்பர், கியர் பாக்ஸ் அசெம்ப்ளி போன்றவற்றை வாங்கலாம். கியர் பாக்ஸ் என்றால் மெக்கானிக்கைக் கூட்டிப்போய்த் திறந்து பார்த்து, சில நாள் ஓட்டிப் பார்க்கும் தவணையோடு வாங்குங்கள். பில்லோ, கடை பெயரோடு கைச்சீட்டோ வாங்காமல் வராதீர்கள். திருட்டு வண்டியில் கழற்றிய சாமானைத் தெரிந்து வாங்குவதும் குற்றம். எங்கே வாங்கினீர்கள் என்று காட்ட அந்தச் சீட்டு வேண்டும். எண் சுரண்டிய இஞ்சினைத் தொடவே வேண்டாம்.

மெக்கானிக்கோடு கணக்கு

கடைக்காரர் மெக்கானிக்குக் கமிஷன் தருவது ஊரறிந்தது. அதை மட்டும் சொல்லி அவரைக் குறை சொல்லவும் முடியாது. வயலில் மல்லாந்து படுத்து மூன்று மணி நேரம் வேலை செய்தவருக்கு முன்னூறு ரூபாய் கொடுக்க நாம் யோசிக்கிறோம். கூலியில் வராததை அவர் சாமானில் எடுக்கிறார்.

வழி ஒன்று உண்டு. கூலியை முன்னாலேயே நியாயமாகப் பேசுங்கள். சாமானுக்கு அவரையும் கூட்டிப்போய் நீங்கள் பில் வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "நீங்க வாங்கிட்டு வந்த சாமானுக்கு நான் பொறுப்பில்லை" என்று அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருவரும் சேர்ந்து வாங்கினால் அந்தப் பேச்சு வராது.

ஏமாந்தால் என்ன செய்வது?

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக முறை. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற போர்டு பழுதான சாமானுக்குச் செல்லாது.

முதலில் கடையில் எழுத்து மூலமாகக் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியும் உதவும். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். ஜி.எஸ்.டி. குறைப்பைத் தராத புகாரையும் அங்கே சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கடை சென்னையில் இருந்தாலும் திண்டுக்கல்லில் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

போலிப் பெயரில் சாமான் விற்பது 1999-ஆம் ஆண்டின் வர்த்தக முத்திரைச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முதல் சாட்சி பில்தான். பில் இல்லாவிட்டால் அந்தக் கடையில் வாங்கியது என்றே நிரூபிக்க முடியாது.

அடுத்து வர வேண்டியது

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2023-இல் ஒரு சட்டம் போட்டார்கள். விவசாய இயந்திரக் கம்பெனிகள் உதிரிபாகத்தையும், பழுது பார்க்கும் கருவியையும், கையேட்டையும் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். 2024 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது.

நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் இதற்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், வாகனங்கள், செல்போன், வீட்டு உபயோகப் பொருட்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை' இணையதளமும் வந்தது. கம்பெனிகளின் சேவை விவரங்களை அதில் பார்க்கலாம். ஆனால் அது தகவல் தரும் தளம்தான். கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டும் என்பது விவசாயச் சங்கங்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கை. டிராக்டரில் கம்ப்யூட்டர் ஏற ஏற, நம் ஊர் மெக்கானிக் கை வைக்க முடியாத நிலை வந்துகொண்டிருக்கிறது.

அதுவரை நம் கையில் இருப்பது கூட்டுக் கொள்முதல். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இருப்பவர்கள் விதை, உரம் போலவே ஃபில்டர், இஞ்சின் ஆயில், கிரீஸ், டிராக்டர் டயர் ஆகியவற்றையும் மொத்தமாக வாங்கலாம். ஊரில் ஒரே மாடல் டிராக்டர் பத்து இருந்தாலே போதும். பத்து பேரும் வருடத்துக்கு இரண்டு ஆயில் ஃபில்டர் மாற்றினால் இருபது ஃபில்டர். அந்த அளவுக்கு மொத்த வியாபாரியே விலை பேச வருவார். உழவு நேரத்தில் டிராக்டர் படுத்துவிட்டால், அவசரத்தில் கிடைத்த சாமானை மாட்டாமல், உழவன் செயலியில் வேளாண் பொறியியல் துறையின் வாடகை டிராக்டருக்குப் பதிவு செய்து பார்க்கலாம். அவசரம்தான் நம்மைப் போலியிடம் தள்ளுகிறது.

சுருக்கமாக

- டிராக்டர் பாகம் 5, மற்ற வண்டிப் பாகம் 18. பில்லில் வரியைப் பாருங்கள்.
- சேசிஸ் எண்ணைச் சொல்லிப் பாக எண்ணை எழுதி வையுங்கள். மூன்று இடத்தில் விலை கேளுங்கள்.
- வாரண்டி முடிந்த வண்டிக்குத் தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டி பெரும்பாலும் போதும்.
- பிரேக், ஸ்டீயரிங், டயரில் பேரம் பேசுங்கள், தரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.
- பழைய பாகத்தையும் பில்லையும் வாங்கி வையுங்கள்.

அடுத்த முறை கடையில் "பில் வேணுமா?" என்று கேட்டால், "ஆமாங்க, பாக எண்ணோட போடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பெட்டியை எடுக்கும் கை வேறு அலமாரிக்குப் போனால், அதிலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.